இருட்டறையில் வந்த குழி மூச்சு

டாக்டர் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுமே நான் அங்கேயே நின்றுவிட்டேன். லாரி டிரைவர்கள் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறேன். இது ரத்தச் சிவப்பு. ஓரத்திலிருந்து ஒரு பொட்டு வெளிச்சமும் உள்ளே போகாதபடி கண்ணைச் சுற்றி இறுக்கமாக மூடியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் யாரிடமும் பேசாமல், எதையும் படிக்காமல், சும்மா காத்துக்கொண்டிருந்தார்.

என் அடுத்த கட்டில்காரர் குடியாத்தத்து நெசவுக்காரர். எனக்கு முன்பே அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்பதால் எல்லாம் தெரிந்தவர் மாதிரி பேசுவார்.

“அது இன்னாத்துக்குத் தெரியுமா? உள்ள போனா உன் நெஞ்சுல இருக்கற ரத்தம் அப்படியே தெரியுமாம். வெறுங்கண்ணால பார்த்தா மயக்கம் வந்துடும்னு டாக்டருங்க அதப் போட்டுக்கறாங்க” என்றார்.

“டாக்டருக்கே மயக்கம் வருமா?”

“அவரும் மனுசன்தானே.”

நான் நம்பிவிட்டேன். அன்றைக்கு எனக்கு யார் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு முப்பது வயது இருக்கும். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், சுண்ணாம்புக் குழியில் வேலை செய்துகொண்டிருந்தேன். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிர் கழலும் பதத்துக்கு வந்ததும் இடுக்கியால் இழுத்துப் போடுகிற வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதைவிடப் பெரிய வேலை யார் கொடுப்பார்கள்?

நான் பிறவியிலேயே பயந்தவன். பஸ்ஸில் ஏறினால், டிரைவர் தூங்கிவிடப்போகிறாரே என்று கண்ணாடியில் தெரியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவேன். மழை வந்தால் சுவர் விழுந்துவிடும் என்று கவலை. வராவிட்டால் கிணறு வற்றிவிடும் என்று கவலை. “பயப்பட ஒண்ணும் இல்லன்னா நீ அதுக்கும் பயப்படுவே” என்பாள் என் மனைவி. அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் இருமலில் ரத்தம் வந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டி.பி. என்றார்கள். வேலூருக்கு வெளியே, மலையடியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். எங்கள் பெண் குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டாள். மனைவி வாரத்தில் பாதி நாள் என்னோடு, பாதி நாள் ஊரில் என்று அலைந்தாள்.

மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். இருமல் குறைந்தது, உடம்பில் கொஞ்சம் சதையும் பிடித்தது. ஆனால் இடது நுரையீரலின் மேல்பக்கத்தில் இருந்த ஓட்டை மட்டும் மூடவில்லை. கடைசியில் ஒரு நாள் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இடது பக்கத்து விலா எலும்புகள் சிலவற்றை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் நெஞ்சு அமுங்கிக்கொள்ளும். ஓட்டையும் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். செய்யாவிட்டால் அந்த ஓட்டையிலிருந்து நோய் திரும்பத் திரும்ப வரும். எத்தனை காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது.

“ஆனா ஒண்ணு பார்க்கணும். இடது பக்கத்த அமுக்கிட்டா, வலது பக்கம் தனியா நின்னு உன்னக் காப்பாத்தணும். அதுக்கு அந்தத் தெம்பு இருக்கான்னு பார்க்காம நான் கத்தி எடுக்க மாட்டேன்” என்றார்.

அசையாமல் நிற்கிற எக்ஸ்ரே படத்தில் ஓட்டை தெரியும். நெஞ்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. அதற்கு ஓடுகிற படம் வேண்டும். இருட்டறையில் நிற்க வைத்து, மூச்சு விடும்போதே உள்ளே பார்ப்பார்கள். ஸ்கிரீனிங் என்று அதற்குப் பெயர்.

எனக்குக் கேட்டதெல்லாம் எலும்பு என்ற சொல் ஒன்றுதான்.

சிவப்புக் கண்ணாடியோடு டாக்டர் உட்கார்ந்திருந்த அன்று என்னை அழைத்துப்போன அந்த அறையில் சன்னல் கிடையாது. வாசலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கறுப்புத் திரைகள். சட்டையைக் கழற்றி, முதுகை ஒரு பலகையில் சாய்த்து நிற்க வைத்தார்கள். நெஞ்சுக்கு நேராக ஒரு கண்ணாடித் தகட்டை இழுத்து வைத்தார்கள். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. பிறகு விளக்கு அணைந்தது. நான் அதுவரை பார்த்த இருட்டு எதுவும் அப்படி இருந்ததில்லை. என் கையை நானே கண்ணுக்கு முன் கொண்டுவந்தேன், தெரியவில்லை. எங்கோ ஒரு மெஷின் உறுமத் தொடங்கியது. பக்கத்து அறையில் படம் கழுவுவார்கள். அங்கிருந்து புளித்த மருந்து நாற்றம் குப்பென்று வந்தது. எனக்கு முன்னால் நின்றவர்களின் வியர்வையும் அதோடு சேர்ந்துகொண்டது.

“மூச்ச நல்லா இழு” என்றது டாக்டரின் குரல். ஆள் தெரியவில்லை.

இழுத்தேன்.

“இன்னும்.”

தோள் காதைத் தொடுகிற அளவுக்கு இழுத்தேன்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாங்கய்யா.”

இருமச் சொன்னார். திரும்பி நிற்கச் சொன்னார். மறுபடியும் இழுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இருட்டில் ஒரு டாக்டர் பேசாமல் இருந்தால் அவர் முன்னால் நிற்கிறவனுக்கு என்னென்ன தோன்றும்! நெசவுக்காரர் சொன்னபடி ரத்தம் தெரிகிறதோ, அவர் மயங்கி விழுந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வார்டுக்கு வந்து சொன்னார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் சதையால் ஆன ஒரு திரை இருக்கிறதாம். மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும், விடும்போது மேலே ஏற வேண்டும். எனக்கு இடது பக்கம் அது அசையாததில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. வலது பக்கமும் அசையவில்லை.

“அங்கயும் ஒட்டிக்கிட்டிருக்கும் போல. இத நம்பி ஆபரேஷன் பண்ண முடியாதுப்பா” என்றார். அவர் முகம் வாடியிருந்தது.

எனக்கோ உடம்பு முழுவதும் லேசாகிவிட்டது. கத்தி இல்லை. எலும்பு எடுப்பது இல்லை. அவர் சொன்னதன் மறுபாதி, அதாவது கத்தி இல்லையென்றால் பிறகு என்ன என்பது, எனக்கு எட்டவே இல்லை. மனைவியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போவுது விடு. வெட்ட வேணாம்னு சாமியே சொல்லிடுச்சி” என்றாள். அன்று நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புக்கு லீவு. என்னோடு குழியில் வேலை செய்யும் பாய் ஒருவர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். நோயாளிகளோடு வராந்தாவில்தான் பேச விடுவார்கள். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தாள். பாய் ஷாப்புக் கதையெல்லாம் சொன்னார். மேஸ்திரி கால் வழுக்கிக் குழிக்குள் விழுந்ததை எழுந்து நின்று நடித்துக் காட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நாங்கள் சளி துப்பும் அட்டைக் குவளைகளையெல்லாம் மரத்தூள் போட்டு எரிப்பார்கள். அந்த நேரம் காற்று திரும்பியது. நாற்றமடிக்கும் புகை வராந்தாவுக்குள் வந்தது. பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் அதைவிடப் பலமாகச் சிரித்தார்.

“அடப்பாவி. இங்க வந்துமா குழி மூச்சு வுட்றே?”

“இன்னா மூச்சு?” என்றாள் மனைவி.

“உனக்குத் தெரியாதா தங்கச்சி? உன் வூட்டுக்காரனப் பாரு. வயித்தப் பலகையாட்டம் இறுக்கி வெச்சிக்கினு, தோள மட்டும் தூக்கித் தூக்கி எறக்கறான் பாரு. குழிகிட்ட நிக்கிறவனுங்க எல்லாரும் அப்படித்தான் வுடுவோம். நல்லா இழுத்தா நாத்தம் கொடல் வரைக்கும் போவும். புதுசா வர்றவன் மொத நாள் வயிறு முட்ட இழுத்துட்டு அங்கியே வாந்தி எடுப்பான். அப்புறம் தானா கத்துப்பான்.”

“உங்களுக்கும் வருமா பாய்?”

“எனக்கு ஜாஸ்தி. எங்க வூட்ல மீன் கழுவினாக்கூட எனக்கு அதான் வரும். உங்க அண்ணி பேஜாராயிட்டு அடுப்பங்கரைல இருந்து தொரத்துவா.”

நான் சிரிக்கவில்லை. குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். அவர் சொன்னபடிதான் இருந்தது. அந்த மூச்சு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் கவனித்ததில்லை.

பாய் போன பிறகு மனைவி பழத்தோலையெல்லாம் ஒரு காகிதத்தில் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அந்த இருட்டு ரூம்ல நாத்தம் இருந்திச்சா?”

“இருட்டுல எனக்கு இன்னா தெரியும்?”

“நாத்தத்துக்கு வெளக்கு எதுக்கு?”

நான் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அங்க எந்த மூச்சு வுட்டே?”

“ஞாபகம் இல்ல.”

“என்னப் பார்த்துச் சொல்லு.”

“தோளத் தூக்கித்தான் இழுத்தேன். வேணும்னு பண்ணல. அது தானா வந்துச்சி.”

“தானா வந்தத டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு.”

“கத்தி வேணாம்னு நீயும்தானே சந்தோசப்பட்டே?”

“உன் ஒடம்பு தாங்காதுன்னு சொன்னாங்க. சரி, அதுக்கு மேல நம்ம கைல இன்னா இருக்குதுன்னு மனச தேத்திக்கினேன். இப்ப அது நெசமா இல்லியான்னே தெரியல.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அந்த ஓட்ட அப்படியேதான் இருக்குது. அதுக்கு வழி இருக்கலாம்னு தெரிஞ்சும் சும்மா வூட்டுக்குக் கூட்டிக்கினு போவச் சொல்றியா?”

“எனக்குப் பயமா இருக்குடி.”

“எனக்கு மட்டும் இல்லியா? உனக்குப் பயம்னா ஊருக்கே தெரியுது. என்னுத யாரும் கேக்கறதில்ல.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கும் நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பழத்தோலைக் கொட்டிவிட்டு நேராக நர்ஸிடம் போனாள். நான் வார்டுக்குள் வந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். நடு வராந்தாவில் நின்று, வயிற்றை எக்கி, தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸும் அதேபோல் செய்து பார்த்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்த முறை என்னைக் கூப்பிட்டபோது டாக்டர் எனக்கும் ஒரு சிவப்புக் கண்ணாடியை நீட்டினார். அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்காரச் சொன்னார். உலகமே சிவப்பாகிவிட்டது. மலை, புளியமரம், டாக்டரின் வெள்ளைக் கோட்டு எல்லாம்.

“உனக்கு உன் நெஞ்சக் காட்டப் போறேன். வெயில்ல இருந்து நேரா உள்ள போனா எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அந்த வெளிச்சம் அவ்வளவு மங்கல். அதுக்குத்தான் இது” என்றார்.

“ரத்தம் தெரியாம இருக்கறதுக்குன்னு சொன்னாங்கய்யா.”

“யாரு சொன்னது?”

நான் நெசவுக்காரரைக் காட்டிக்கொடுக்கவில்லை. எதிரே தூணருகே நின்றிருந்த மனைவி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியோடு நான் ஏதோ பூச்சி மாதிரி இருந்தேனாம்.

உள்ளே அதே பலகை, அதே சில்லிட்ட தகடு, அதே புளித்த நாற்றம். இந்த முறை, தகட்டில் டாக்டர் பக்கம் தெரியும் படத்தை நானும் பார்ப்பதற்காக, உதவியாள் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை டாக்டரின் தோளுக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தபடி நின்றார். விளக்கை அணைத்தார்கள். சிவப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். மெஷின் உறுமியது.

பச்சையாக ஒன்று அந்த முகக்கண்ணாடியில் எழுந்தது. முதலில் புகை மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க அதற்குள் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. ஷாப்பில் பதமான தோலைத் தூக்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்து எங்கே ஓட்டை, எங்கே கீறல் என்று பார்ப்போம். அந்த மாதிரி என்னைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஆனால் தோல் அசையாது. இது அசைந்தது. நடுவில் ஒரு கறுப்பு மூட்டை துள்ளிக்கொண்டே இருந்தது. அது என் இதயம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. நான் பயப்பட்டால் அது இன்னும் வேகமாகத் துள்ளியது. அதைப் பார்த்து நான் மேலும் பயந்தேன்.

“கீழ பாரு. ரெண்டு பக்கமும் சட்டியக் கவுத்த மாதிரி ரெண்டு மேடு தெரியுதா? அதுதான் நான் சொன்ன திரை. இப்ப மூச்ச இழு.”

இழுத்தேன். எலும்புகளெல்லாம் கொஞ்சம் மேலே போயின. இரண்டு மேடுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

“அது உன் குழி மூச்சு. இப்ப வயித்தத் தளர்த்திட்டு இழு.”

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. தோளைத் தூக்கினால் போதும். மேடு அசையாது. எவ்வளவோ முயற்சி செய்தான், முடியவில்லை என்று எழுதிவிடுவார்கள். மனைவியும் ஒன்றும் சொல்ல முடியாது. கத்தி கிடையாது. இரண்டாம் முறையும் தோளைத்தான் தூக்கினேன். அது பழக்கத்தால் வந்ததா, நானாகத் தூக்கியதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

டாக்டர் கோபப்படவில்லை. “சரி, இழுக்க வேணாம். மூக்கால சட்டுனு மோந்து பாரு. பூவ மோந்து பாக்கற மாதிரி” என்றார்.

குழியில் இத்தனை வருஷம் நின்றவன் மறந்தும் செய்யாத காரியம் அது. அந்த நாற்றத்தைப் போய் மோந்து பார்ப்பதா? ஆனால் கண் எதிரே அந்த மேடு பிடிவாதமாக நின்றுகொண்டிருந்தது. அது நிஜமாகவே ஒட்டிப்போயிருந்தால்? அதுவரைக்கும் ஆபரேஷனை நினைத்துத்தான் பயந்தேன். அந்த அசையாத நிழலைப் பார்த்தபோது முதல் தடவையாக அதற்காகப் பயந்தேன். வலதும் செத்துப்போயிருந்தால் எனக்கு மிச்சம் எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அது அசைய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

மோந்தேன். புளித்த நாற்றம் குடல் வரைக்கும் போனது. குமட்டிக்கொண்டு வந்தது.

வலது பக்கத்து மேடு சரேலென்று கீழே இறங்கியது. அதற்கு மேலே இருந்த பச்சை ஒரு விநாடி பளிச்சென்று வெளுத்தது. பிறகு மேடு ஏறியது. இடது பக்கம் லேசாக நடுங்கியதோடு சரி.

“இன்னொரு தடவை.”

இறங்கியது. ஏறியது.

“அட, இது அருமையா வேலை செய்யுதேப்பா” என்றார் டாக்டர் இருட்டுக்குள்ளிருந்து. “இது ஒண்ணு போதும். ரெண்டுக்கும் சேர்த்து உழைக்கும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே என் அழுகை எப்படி இருக்கும் என்று அப்போது பார்த்தேன். வலது மேடு வெட்டி வெட்டி இழுத்தது. எலும்புகள் குலுங்கின. நடுவில் அந்தக் கறுப்பு மூட்டை தாறுமாறாகத் துள்ளியது. முகம் கிடையாது, கண்ணீர் கிடையாது. சத்தத்தை அடக்க முயன்றால் மேடு நடுவழியில் நின்று துடித்தது.

“அழுறதுன்னா வெளியே போய் அழு. மெஷின நிறுத்தணும்” என்றார். விளக்கு போட்டார்கள். என் நெஞ்சு மறுபடியும் வெறும் தோலும் மயிருமாக ஆகிவிட்டது.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. மனைவி ஓடிவந்தாள்.

“இன்னா சொன்னாங்க?”

“வலது பக்கம் நல்லா இருக்குதாம். வெட்டலாமாம்.”

அவள் வராந்தாவின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்துவந்து இருட்டறைக்குள் தள்ளியவள் அவள்தான். இப்போது அவளே தூணைக் கட்டிக்கொண்டாள். நான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. எனக்கு அது தெரியாத வேலை. “ஒண்ணும் ஆவாது. அது நல்லா ஏறி எறங்குது. நான் கண்ணால பார்த்தேன்” என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் பல் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆபரேஷனை இரண்டு தடவையாகச் செய்தார்கள். அந்த வலியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஓட்டை மூடிக்கொண்டது. இடது தோள் சாய்ந்துவிட்டது. சட்டைக்கு அளவெடுக்கிற தையற்காரர்கள் இரண்டு முறை பார்ப்பார்கள். குழி வேலைக்கு மறுபடியும் போகக்கூடாது என்றுவிட்டார்கள். காய்ந்த தோலைக் கட்டுக்கட்டாகக் கட்டி வைக்கிற கிடங்கில் பாய் சொல்லி ஒரு இடம் கிடைத்தது.

பயம் மட்டும் போகவில்லை, இடம்தான் மாறியது. முன்பு நோயுள்ள பக்கத்துக்காகப் பயந்தேன்; இப்போது நல்ல பக்கத்துக்காகப் பயப்படுகிறேன். மாடிப்படி ஏறும்போதும், சைக்கிள் மிதிக்கும்போதும், அந்த ஒற்றை நிழல் உள்ளே தனியாக இறங்கி ஏறிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது. சந்தைக் கூட்டத்தில் யாருடைய முழங்கையாவது அதன்மேல் பட்டுவிடுமோ என்று வலது பக்கத்தைச் சுவரோரமாக வைத்துக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கிப் போவேன். சுவர் இல்லாத இடத்தில் மனைவி தானாகவே வந்து என் வலது பக்கத்தில் நடப்பாள். ஆனால் வாய் சும்மா இருக்காது.

“யாரும் அதத் திருடிக்கினு போவ மாட்டாங்க. நேரா நட” என்பாள்.